பாம்புக்காதர் தோண்டவைத்த மூன்று குழிகள்

குடிநீர் வாரியத்தில் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். தெருவுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அதற்கு அவரிடம் இருந்தது ஒரு நீளமான இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு மரக் குமிழ், அவ்வளவுதான். கம்பியைத் தரையில் ஊன்றி, குமிழை வலது காதில் அழுத்திக் குனிவார். கசிவு இருந்தால் ‘ஸ்ஸ்’ என்று இரையும். சத்தம் பலமாக இருக்கும் இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு எழுந்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குறியில் தோண்டித் தண்ணீர் வராமல் போனதில்லை. வலது காது வேலைக்கு, இடது காது வீட்டுக்கு என்பார். போனைக்கூட இடது காதில்தான் வைப்பார்.

கொரோனா அவரை ஒன்பது நாள் படுக்கையில் போட்டது. பத்தாம் நாள் எழுந்தபோது வலது பக்கம் காது அடைத்தமாதிரி இருந்தது. சளி இறங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அவருக்குப் பட்டது: வீட்டில் எங்கோ தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

“குழாய ஒழுங்கா மூடினியா?”

“மூடியாச்சே. வேணும்னா வந்து பாருங்க” என்றார் மனைவி.

பார்த்தார். குழாய் மூடித்தான் இருந்தது. அப்படியானால் மாடி வீட்டுக்காரர்தான். படியேறிப் போய்க் கதவைத் தட்டி, அந்த மனிதர் பல் துலக்கிக்கொண்டே வழிவிட, குளியலறை வரை போய்ப் பார்த்தார். தரை உலர்ந்து கிடந்தது. “நான் வர்றது தெரிஞ்சு தொடச்சு வச்சிருக்கான்” என்று கீழே வந்து சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் செருப்புக் கடை வாசலில் குறி போட்டார். ஆட்கள் இடுப்பளவு தோண்டினார்கள். மண் பொரிகடலை மாதிரி உதிர்ந்தது. குழாயில் ஒரு பொட்டு ஈரமில்லை. இரண்டாவது குழி, பள்ளிக்கூட வாசலில். அதுவும் அப்படியே. மூன்றாவது குழியைத் தோண்டும்போதே ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

“என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று இன்ஜினியர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாவப்பட்டுக் கேட்டார்.

என்ன ஆச்சு என்று பாம்புக்காதர் உட்கார்ந்து யோசித்தார். சத்தம் பொய்யில்லை, கேட்டது. மண் பொய்யில்லை, உலர்ந்திருந்தது. இரண்டும் நிஜமாக இருக்க ஒரே வழிதான் உண்டு. வால்வைப் பாதி மட்டும் திறந்து வைத்தால், நெருக்கிக்கொண்டு போகும் தண்ணீர் கசிவு மாதிரியே இரையும். குழாயோடு ரொம்ப தூரம் கேட்கும். இது தெரிந்தவன், வால்வுச் சாவியைக் கையில் வைத்திருப்பவன், வட்டாரத்தில் ஒரே ஆள்தான். அவரிடம் பதினாறு வருடமாக “அண்ணே, அண்ணே” என்று ஒட்டிக்கொண்டு திரிந்த வால்வுக்காரர்.

அதன்பிறகு கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். வால்வுக்காரர் இன்ஜினியரோடு டீ குடித்தார், என்ன பேசுகிறார்கள்? இவரைக் கண்டதும் பேச்சு நின்றது, ஏன்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆள் பூனை மாதிரி நடக்கத் தொடங்கியிருந்தார். காலடிச் சத்தமே இல்லாமல் இவருடைய வலது பக்கத்தில் திடுதிப்பென்று வந்து நிற்பார்.

“எதுக்குடா இப்படிப் பதுங்கிப் பதுங்கி வர்றே?”

“நாலு தடவ கூப்பிட்டேன், அண்ணே!”

“யார் காதுல பூ சுத்தறே?”

அன்றே புகார் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை விசாரணை. நிரூபணமானால் வால்வுக்காரருக்கு வேலை போகும்.

சனிக்கிழமை காலை வால்வுக்காரர் அவரை ஸ்டோர் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புதுக் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. ஒரு குழாயைக் காட்டி, “இதுல வச்சுக் கேளுங்க” என்றார்.

பாம்புக்காதர் கம்பியை ஊன்றி, பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் குனிந்தார்.

“கேக்குதா?”

“கேக்குது. பலமா கேக்குது.”

கண்ணைத் திறந்தார். குழாயின் ஒரு வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. மறுவாய் வழியாக முற்றத்துச் சுவர் தெரிந்தது.

“போன மாசம் லாரில வந்து எறங்கினது, அண்ணே. இதுக்கு நான் எந்த வால்வ மூடினேன்?”

அப்போதும் அவர் விடவில்லை. “அடியில ஏதாவது லைன் போகுதா?” என்று தரையைப் பார்த்தார். பிறகு குழாய்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே காது டாக்டரிடம் போனார். அவர் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். இடது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தார். வலது காதுக்கு வந்ததும் கை சும்மா இருந்தது. “மெஷின் ஓடுதா?” என்று கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“கொரோனா வந்துபோன சிலருக்கு இப்படிக் காது நரம்பு கெட்டுப்போகுது. ரொம்ப அபூர்வம்தான்” என்றார் டாக்டர். “நீங்க கேக்கறது தண்ணி இல்ல. கேக்காமப் போன காது தானா போடற சத்தம். எப்போலேர்ந்து இருக்கு?”

“அஞ்சு வாரமா.”

“ஆரம்பத்துலயே, ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப என்னால உறுதி சொல்ல முடியாது.”

அந்த இரண்டு வாரமும் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியும். மாடிக் குளியலறையை மோப்பம் பிடித்தார். ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டார், தன் காது ஒன்றைத் தவிர. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வால்வுக்காரர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்.

இன்ஜினியர் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். சலவைக் கடைத் தெருவில் தண்ணீர் சரியாக ஏறவில்லை. அங்கே போடும் குறி தப்பினால் கம்பியை ஒப்படைத்துவிட்டு அலுவலகத்தில் தபால் பிரிக்கும் மேசைக்குப் போக வேண்டியதுதான்.

முதல்முறையாகக் குமிழை இடது காதில் வைத்தார். ‘ஸ்ஸ்’ என்றது. நிமிர்ந்தார், வலது பக்கத்தில் அதே ‘ஸ்ஸ்’. மறுபடி குனிந்தார். எது மண்ணுக்குள், எது மண்டைக்குள்? சாக்பீஸ் விரலிலேயே நின்றது. ஒரு பெருக்கல் குறி போட அவருக்கு இவ்வளவு பயம் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

வால்வுக்காரர் எதிரே வந்து நின்றார். வலது பக்கம் அல்ல, முகத்துக்கு நேராக.

“நான் போயி வால்வ முழுசா மூடறேன். சத்தம் நின்னா தண்ணி. நிக்கலன்னா உங்க காது.”

பாம்புக்காதர் அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“மூடு, தம்பி.”

தெருமுனையில் வால்வுக்காரர் குனிந்து சாவியைத் திருகினார். பாம்புக்காதர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார். இடது காதில் இரைச்சல் மெலிந்தது. இழுத்தது. இன்னும் மெலிந்தது. பிறகு நின்றே போனது. வலது காது மட்டும் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அதை அவர் சட்டை செய்யவில்லை. கண் நிறைந்து தரை மங்கலாகத் தெரிய, தடவித் தடவிக் குறியைப் போட்டார்.

“நின்னுடுச்சு!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “தொறடா தம்பி, தண்ணிதான்!”