நீதான் சொல்லணும் என்றவர்

ஏகாம்பரம் அண்ணன் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்தேன். முசரவாக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, வேலை செய்யும் புடவைக் கடைக்கு நடக்கும் வழியில் சுவரில் உள்ளதையெல்லாம் படிப்பது என் வழக்கம். அறுபத்தெட்டு வயதில் எழுத்து வந்தவனுக்கு அதைவிட வேறு என்ன சந்தோஷம்? பல் வைத்தியம், வீடு வாடகைக்கு, கறவை மாடு விற்பனைக்கு, ஒன்றையும் விடமாட்டேன். அன்று ஒரு புதிய சுவரொட்டி. ஏ, கா, ம், ப என்று ஆசையாகக் கூட்டினேன். கடைசி எழுத்து வந்த பிறகுதான் அது யார் பெயர் என்று தெரிந்தது. மேலே அவர் படம் இருந்தது. எழுத்தைப் பார்க்கிற ஆவலில் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருடன் கடையில் வேலை செய்தவர்களுக்கும், கடைக்குப் புடவை நெய்து கொடுத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரிதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு வருடம் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். அவர் புடவையை விரித்துக் காட்டுவார். நான் பின்னால் இருந்து மடித்து அலமாரியில் வைப்பேன். ஒவ்வொரு புடவையிலும் நெய்தவர் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். அவரவர் தட்டில்தான் திருப்பி வைக்க வேண்டும். எந்தத் தட்டு யாருடையது என்று மனப்பாடம் செய்துகொண்டேன். சீட்டை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அண்ணன் அதைக் கண்டுபிடித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து புடவையை விரிக்கும்போதே, "இது கன்னியப்பன் தறியில வந்ததும்மா, தொட்டுப் பாருங்க" என்று வந்தவர்களிடம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு அம்மாள், அந்தக் கன்னியப்பன் உங்கள் மாமனாரா என்று கேட்டார். "மாமனாரா இருந்தா நான் எதுக்கும்மா இங்க குந்திகினு இருக்கேன்?" என்றார் அண்ணன். நெய்தவர் பெயரைச் சொல்லி விற்கிற ஒரே மனிதர் என்று நீங்கள் எல்லோரும் அவரைக் கொண்டாடினீர்கள். உங்கள் மேல் அவருக்கு மரியாதை இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பெயர்களை அவர் எனக்காகத்தான் சொன்னார்.

கடையில் எங்களுக்கு மூத்த ஊழியர் ஒருவரை, வாடிக்கையாளர்கள் எதிரிலேயே, இனி வர வேண்டாம் என்று முதலாளி வீட்டார் சொன்னார்கள். அன்று மத்தியானம் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "தாவீது, எனக்கும் வேலைய விடுற நாள் வந்தா நீதான் சொல்லணும். வேற எவன் சொன்னாலும் தாங்க மாட்டேன்பா" என்றார். நான் தலையாட்டினேன்.

நாள் வந்தது. மயில்கழுத்து நிறம் கேட்ட ஒருவருக்கு அண்ணன் பாட்டில் பச்சையை விரித்துப் பெருமையாகக் காட்டினார். சர்க்கரை வியாதி கண்ணுக்குள் போய்விட்டது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னதை அன்று சாயங்காலம்தான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போய்விட்டால் எனக்கு யார் பெயர் சொல்வார்கள்?

மறுநாளிலிருந்து நான் நிறம் சொன்னேன். "அண்ணே, இந்த அரக்க எடுக்கவா? அந்த மயில்கழுத்த எடுக்கவா?" முந்தானையைத் தடவியே அவருக்கு யார் தறி என்று தெரியும், அதனால் பெயரை அவர் சொன்னார். அப்படியே மூன்று வருடம் ஓட்டினோம்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். அண்ணனிடம் சொல்லாமல் போனேன். ஒரு நாள் கடையில், அவர் வாய் திறக்கும் முன்னே சீட்டைப் பார்த்து, "இது முருகேசன் தறிம்மா" என்றேன். முந்தானை மேல் அவர் கை நின்றது. பிறகு சிரித்தார். "அடப்பாவி, எத்தினி நாளாபா?" என்றார். அன்று எனக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

நாலு நாள் கழித்து, சாப்பிடும்போது சொன்னேன். "அண்ணே, நாள் வந்துடுச்சு."

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "மூணு வருசமா எதுக்குபா சொல்லல?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் அவருக்குத் தெரியும். சாயங்காலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. ஒரு முழுக் கடிதம் எழுத வந்ததும், அதை எடுத்துப் போய் அவர் எதிரில் படித்துக் காட்டலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் முகத்தில் விழிக்கப் பயம். இரண்டு மாதத்தில் சுவரொட்டி வந்துவிட்டது. சாவு வீட்டில் அவர் மகள் சொன்னாள்: "நீங்க வர்ற பஸ் டயத்துக்கு தெனம் வாசல்ல வந்து குந்திகினு இருப்பாரு மாமா."

அந்த முழுக் கடிதம் இதுதான். படித்துக் காட்ட அவர் இல்லை.

போன வாரம் நான் மடித்து வைத்த புடவையைப் பக்கத்துப் பாயில் இருக்கும் செல்வம் எடுத்து, சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடித்தார். நான் மடித்தால் இப்போது கரை கரையோடு சேருவதில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுத்து எனக்கு வகுப்பில் வந்தது. ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு அவர் அன்று என்னைப் பார்த்த பார்வை மட்டும். நாள் வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா என்று அதை வைத்துக்கொண்டு தினமும் பாயில் உட்கார்ந்திருக்கிறேன்.