என் அண்ணி, தலைபிடி அக்கா

என் அண்ணியைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஒரே வீட்டில் கூடவே கிடந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். எனக்கு வாய் நீளம் என்பதும் ஊருக்குத் தெரியும். அதனால் நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கேட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அண்ணி தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மிஷின் கிடக்கும். பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை, கிழிந்த கால்சட்டைக்கு ஒட்டு, இதுதான் பிழைப்பு. அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டாள். என் அண்ணன் மரம் அறுக்கும் மில்லில் கட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மூன்று ஆள் தூக்குவதை ஒருவராகத் தூக்கிவிடுவார் என்பதால் மில்லில் அவருக்குப் பெயர் 'கிரேன்'. நான் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட, கல்யாணம் ஆகாத நாத்தனார். அண்ணி என்னைவிட வயதில் சின்னவள். அதனால் அவள், இவள் என்றுதான் எனக்கு வரும். அவளும் என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவாள். கணக்கு நேராகிவிட்டது.

எங்கள் ஊருக்கு வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ரோடு ரோடாக இருக்கும் நாட்களில், மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு வரும். ஒரு டாக்டரம்மா, ஒரு பல் டாக்டர், நர்சுகள், மருந்து எடுத்துக் கொடுப்பவர், இரண்டு ஜீப், இரண்டு டிரைவர்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் தங்கி வைத்தியம் பார்த்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போய்விடுவார்கள். காலையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஜெபம் செய்வார்கள். பெரிய டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். நன்றாகவே பாடுவார். ஜெபத்துக்கு வந்தால்தான் மாத்திரை என்கிற பேச்சே அவர்களிடம் கிடையாது. அண்ணி மட்டும் வாசலோரம் நின்று கடைசிவரை கேட்பாள். அண்ணனுக்கும் ஆண்டவருக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை.

முதல் வருடம் அவள் போனது கண்ணாடி வாங்க. ஊசியில் நூல் கோக்கக் கண் திணறியது. பல் பிடுங்குவது மூன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எச்சில் துப்ப ஒரு வாளி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கும் பல் டாக்டர். நாற்காலியில் தலை சாய்க்க இடமில்லை. அதில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் டாக்டரின் கையைத் தட்டிவிட்டு ஊரையே கூட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு நின்ற அண்ணி யாரையும் கேட்காமல் உள்ளே போய், நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்ல எத்தனை ஜன்னல் இருக்கு? வாயால சொல்ல வேணாம். மனசுக்குள்ள ஒவ்வொண்ணா போய்ப் பாத்து எண்ணுங்க. எண்ணிட்டு விரலைக் காட்டுங்க."

அந்தப் பெண் எண்ணப் போனாள். திரும்பி வருவதற்குள் பல் தட்டில் கிடந்தது.

அன்றிலிருந்து அண்ணி தலைபிடி அக்கா. குழு வரும் இரண்டு நாளும் கடைக்குப் பூட்டு. "அக்கா இருந்தாதான் நாற்காலியில உக்காருவேன்" என்று அடம்பிடித்த பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். என்னையும் சும்மா விடவில்லை. பின்வராந்தாவில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பல் பிடுங்கிய இடுக்கிகளைக் கழுவி, பிரஷர் குக்கரில் வேகவைக்கிற வேலை எனக்கு. நான் முன்பக்கம் இருந்தால் என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்களாம். இதைச் சொன்னவளும் அண்ணிதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குரல், அந்த ஜன்னல் கதை, அந்தப் பதமான கை எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டுக்குள் அண்ணி வேறு ஆள். அண்ணன் செருப்பைக் கோணலாக விட்டால் ஒரு பாட்டு, துண்டை மிஷின்மேல் போட்டால் ஒரு பாட்டு. அண்ணனும் சளைத்தவர் இல்லை. பதிலுக்குப் பதில் சீண்டிக்கொண்டே இருப்பார். ஒருவரை ஒருவர் பிடிக்காமல் இல்லை. பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளத்தான் இருவருக்கும் கூச்சம்.

அண்ணனுக்குக் கீழ்வரிசையில் கடைசிப் பல் சொத்தை. விட்டுவிட்டு வலிக்கும். கிரேன் என்று பெயர் வாங்கிய மனிதருக்கு ஊசி என்றால் தொடை நடுங்கும். அண்ணி கூப்பிடும்போதெல்லாம், "ஊர்ல இருக்கிற தலையெல்லாம் உன் கையில. என் தலையையாவது விட்டு வை" என்று சிரித்துப் பிடிகொடுக்காமல் நழுவிவிடுவார்.

ஒரு வருடம் குழு வந்தபோது நழுவ முடியவில்லை. கன்னம் உப்பிக் கண் சின்னதாகியிருந்தது. முதல் நாள் முழுக்க மில்லுக்குள் ஒளிந்துகொண்டார். ராத்திரிச் சாப்பாட்டை மெல்ல முடியாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சரி, நாளைக்கு வந்து தொலைக்கிறேன்" என்றார். அண்ணிக்கு அப்படியொரு சந்தோஷம். அதை மறைக்க அவரை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினாள். மறுநாள் காலை முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் போய், "டாக்டர், இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் வர்றார்" என்றாள். யாரோ மந்திரி வருகிற மாதிரி சொன்னாள்.

வந்தார். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வெளிப் பெஞ்சில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தார். முறை நெருங்கியதும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அடுத்தவரிடமும் அதையே சொன்னார். வாழ்நாளில் டீக்கடையில்கூட யாருக்கும் வழி விடாத என் அண்ணன் அன்று ஊருக்கே வழி விட்டார். இடுக்கி எடுக்க உள்ளே போய் வரும்போதெல்லாம் பார்த்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வெளிச்சம் மங்கும் நேரம் அண்ணி அவரைக் கூப்பிட வெளியே வந்தாள். பெஞ்சில் அவர் இல்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். ஒருத்தி வாயில் பஞ்சோடேயே சிரித்தாள்.

"அக்கா, உங்க கிரேன் ஓடிப் போச்சு!"

அண்ணியின் முகம் செத்துப்போனது. காலையில் டாக்டரிடம் அடித்த தம்பட்டம் நினைவுக்கு வந்திருக்கும். ஊரார் தலையையெல்லாம் பிடித்தவளின் புருஷன் பல்லுக்குப் பயந்து ஓடினான் என்றால் மானம் கப்பலேறுமே என்று நினைத்திருப்பாள். உள்ளே போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற டாக்டர், "இன்னும் யாராவது இருக்காங்களா அக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். அவ்வளவுதான்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். நான் அப்போது பின்வராந்தாவில் ஸ்டவ்வை அணைத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வரிப் பேச்சு எனக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

மழை இறங்கும் போலிருந்ததால் ஜீப்புகள் அன்றைக்கே கிளம்பிவிட்டன. வீட்டில் அண்ணி அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். "உன் அண்ணனுக்குக் கஞ்சி வெச்சிருக்கேன்னு சொல்லு." அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "வேணாம்னு சொல்லு." நான் தந்தி ஆபீஸ் மாதிரி நடுவில் நின்றேன். "நீங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களா?" என்று கத்தியும் பார்த்தேன். அண்ணி மிஷினை வேகமாக மிதித்தாள்.

வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வருடா வருடம் டாக்டர் சொல்லி, அண்ணி தன் வாயால் பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் திருப்பிச் சொல்கிற பாடம் இது. ஆனால் அவள் அவர் முகத்தையே பார்க்கவில்லை. பார்த்தால் பேச வேண்டி வருமே. அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குளிர் என்றார். மூன்றாம் நாள் காலை தண்ணீர் விழுங்க முடியாமல் மூக்கு வழியாக வந்தபோதுதான் அவள் துண்டை இழுத்தாள். தாடையும் கழுத்தும் வீங்கி ஒன்றாகிப் போயிருந்தன.

மில் லாரிதான் கிடைத்தது. பின்னால் பாயை விரித்து, அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து, அவர் தலையைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். சாய்த்தால் மூச்சு முட்டியது. நிமிர்த்தி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மூன்று நாளாகப் பேசாதவள் அப்போதுதான் பேசினாள். பள்ளிக்கூடத்துக் குரலில் பேசினாள்.

"என்னங்க, நம்ம வீட்ல எத்தனை ஜன்னல் இருக்கு? எண்ணிச் சொல்லுங்க. ஒவ்வொண்ணா போய்ப் பாருங்க. அவசரமே இல்ல."

அண்ணன் இரண்டு விரலைக் காட்டினார். சரிதான், எங்கள் வீட்டில் இரண்டுதான். "இன்னொரு தடவை எண்ணுங்க" என்றாள். திரும்பவும் காட்டினார். டவுன் ஆஸ்பத்திரி வருவதற்கு முந்தைய பாலத்தில் லாரி நின்றது. முன்னால் ஏதோ மாட்டு வண்டி. அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணி மட்டும் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு சொத்தைப் பல்லுக்கு ஒரு மனிதன் செத்தான் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதன்பிறகு வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அண்ணி தைத்த சீருடைகள் அளவு மாறி மாறித் திரும்பி வந்தன. பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வருடம் ஜீப் சத்தம் கேட்டதும் மிஷினை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினாள். எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது.

"எந்த முகத்தோட அண்ணி அங்க போற?"

"வேற முகம் இருந்தா அதை மாட்டிட்டுப் போயிருப்பேன். வா, ஸ்டவ்வை எடு" என்றாள்.

அன்று முழுக்க நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஜன்னல் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. "வாசல்ல செருப்பு எத்தனை ஜோடி?" என்று கேட்டாள். சாயங்காலம் ஆட்கள் எல்லாம் போனபின் குக்கரைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே வந்தேன். டாக்டர் கையுறையைக் கழற்றப்போனார்.

"டாக்டர், போன வருஷம் நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். ஒருத்தர் மிச்சம் இருந்தார். எங்க வீட்டுக்காரர். தேடிக் கூட்டிட்டு வந்திருக்கலாம். நாலு பேர் சிரிச்சாங்கன்னு வெட்கப்பட்டு, யாருமில்லன்னு சொல்லிட்டேன். அவர் செத்துட்டார்."

குக்கரை மேசைமேல் வைத்தேன்.

டாக்டர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுவரை வந்தது. நெற்றி விளக்கை அணைக்கவே இல்லை.

"அவர் செத்தது எனக்குத் தெரியும், டிரைவர் சொன்னார். ஆனா நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும் அக்கா. அன்னைக்கு மத்தியானம் தண்ணி குடிக்க வெளிய வந்தப்ப அவரைப் பார்த்தேன். அந்த வீக்கத்தையும் பார்த்தேன். அவர்தான் உங்க வீட்டுக்காரர்னும் புரிஞ்சது. நீங்க யாருமில்லன்னு சொன்னதும், அவர் எங்கன்னு நான் கேட்டிருக்கணும். இடுப்பு வலி. மழை வேற வருது. நீங்க இல்லன்னு சொன்னது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதனால கேக்கல."

அண்ணி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"எனக்கு வெட்கம், உங்களுக்கு நிம்மதி" என்றாள். "அவ்வளவுக்குத்தான் அவர் போனாரா டாக்டர்?"

ஜெபம் செய்யலாமா என்று டாக்டர் கேட்டார். அவள் சரி என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் சும்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணை மூடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செத்தது என் அண்ணன். அந்த நிமிடம் அவள் முடியைப் பிடித்து இழுத்து ஊருக்கு நடுவில் நிறுத்த வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

செய்யவில்லை. இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். குழு வரும் நாட்களில் டாக்டர் கையுறையைக் கழற்றுவதற்கு முன்னால் அண்ணி பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்து, கழிப்பறைப் பக்கமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கூப்பிடுகிறாள். புதிதாக வந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவள் கூப்பிட்டு முடிக்கும்வரை டாக்டர் நின்றபடியே காத்திருக்கிறார்.

அண்ணன் அன்றைக்கு அந்தத் தொட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஓடவெல்லாம் இல்லை. ஜீப்புகள் போன அன்று சாயங்காலம், வாய் பாதி திறந்த நிலையில், என்னிடம் சொன்னார். "பெஞ்சில உக்காந்தா எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க பாப்பா. அதான் பின்னாடி போய் உக்காந்தேன். அவ வந்து ஒரு குரல் கூப்பிடுவா, எழுந்து போயிடலாம்னுதான் இருந்தேன்."

இதை அண்ணியிடம் நான் சொன்னதில்லை. கோபம் தலைக்கேறும் நாட்களில் நாக்கு நுனிவரை வரும். அவள் மிஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன்.