மூச்சு முட்டலன்னு சொன்னேன்

எங்க ஊர் சமுதாயக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் யோகா நடக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு பொண்ணு ஸ்கூட்டியில் வந்து சொல்லித் தருது. மகளிர் குழுப் பொம்பளைங்களுக்காக ஆரம்பித்தது. குழாயில் தண்ணி வரலைன்னு கிராமசபையில் எழுந்து கேட்கப் போனால் ஒருத்திக்கும் நாக்கு புரளுவதில்லை. எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். பயந்தா மூச்சு நெஞ்சுலயே நின்னுடுது, அப்புறம் பேச்சு எங்கிருந்து வரும் என்று அந்தப் பொண்ணு கேட்டது. நியாயந்தான்.

நான் போனது பிரஷருக்கு. காட்டில் குனிந்து களை வெட்டி, எருக்கூடை சுமந்து நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள் நான். எனக்கு மூச்சு விடச் சொல்லித்தர ஒரு டீச்சரா என்ற வீம்போடுதான் போய் உட்கார்ந்தேன், அதுவும் நாற்காலியில்.

"ஆயா, சேர்ல உக்காந்து யோகா பண்றது ஊர்லயே நீ ஒருத்திதான்" என்றாள் பக்கத்து வூட்டுக்காரி.

"நான் கீழ உக்காந்தா தூக்கி வுட நீ கிரேன் கொண்டாருவியாடி?" என்றேன்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்ன பொண்ணு என்கிட்டே வந்து, என் கையை எடுத்து என் நெஞ்சின் மேலேயே வைத்தது. "மூச்சு நல்லா வருதான்னு பாருங்க ஆயா" என்றது. கண்ணுக்குள் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் பழைய ராகி வாசம் அடித்தது.

அப்போது எனக்கு எட்டு வயசு இருக்கும். எங்க வூட்டு வாசலில் ராகிக் குழி இருந்தது. வாய் சிறுத்து, உள்ளே பானை மாதிரி அகன்ற குழி, இரண்டு ஆள் ஆழம். அறுத்த ராகியைக் கொட்டி, பலகைக் கல்லால் மூடி, மண் பூசிவிடுவார்கள். அப்புறம் எப்போது எடுத்தாலும் அதற்கு ஒரு முறை உண்டு. காலையில் கல்லைத் தள்ளிவிட்டு, உள்ளே அடைந்த விஷக்காற்று போக உச்சிப்பொழுது வரை காற்றாட விட வேண்டும். அதன்பிறகு ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் காத்திருக்க வேண்டும்.

இறங்குகிறவர்கள் வாயை மூடக்கூடாது. "ஓ... ஓ..." என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் ராகியை அள்ளிக் கூடையில் போட வேண்டும். குரல் நின்றால் மேலே இருப்பவர்கள் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பவரின் உயிருக்கு அந்தச் சத்தம்தான் சாட்சி.

எப்போதும் அண்ணன்தான் இறங்குவான். அந்த வருஷம் அவன் தோள் அகன்றுபோய்க் குழி வாயில் நுழையவில்லை. நான் இறங்குறேன் என்று நானேதான் குதித்தேன். சித்தப்பா சிரித்தார். "பொட்டப்புள்ள, பாதிக் கூடை ரொம்பறதுக்குள்ள அழுதுபுடும் பாரு" என்றார். அந்தச் சிரிப்பை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நான் இறங்கினேன்.

அன்றைக்கு மேற்கே மழை கருத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் ராகியை எடுத்துக் குழியை மூடிவிட வேண்டும் என்று தாத்தாவுக்கு அவசரம். கல்லைத் தள்ளிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. விளக்கை இறக்கினார். மொச்சை அளவு இருந்த சுடர் கடுகளவாகச் சுருங்கியது. ஆனாலும் அணையவில்லை. "எரியுதில்ல, எறங்கு" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பாவே என் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டார்.

முதல் கூடை வரை சத்தமாகக் குரல் கொடுத்தேன். இரண்டாவது கூடையில் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூச்சு முட்டுதுன்னு அப்போதே கத்தியிருக்கலாம். கத்தினால் சித்தப்பா சிரிப்பார். இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று அள்ளினேன். அப்புறம் கத்த நினைத்தபோது வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை, பின்னால் எல்லோரும் சொல்லித் தெரியும். குரல் நின்றதும் சித்தப்பா தாத்தாவைப் பார்த்தாராம். "வீம்புக்காரி, வேணும்னே வாய மூடிக்கிட்டிருக்கா, இருடா" என்றாராம் தாத்தா.

அம்மா வாசல் ஓரத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் எதிரில் நின்று அவள் பேசினதே கிடையாது. சோறு தின்ன வரச் சொல்வதற்குக்கூட, "தாத்தாவ வரச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்லுவாள். முறத்தைப் புடைத்தாலும் காது என் குரலில்தான் இருந்திருக்கிறது. முறத்தை வீசிவிட்டு முந்தானை தெருவில் புரள ஓடிவந்தாளாம்.

"யோவ்! கவுத்த இழுய்யா! எம்புள்ள சாவுதுய்யா!"

தெருவே கேட்டது. மாமனாரை ஒரு மருமகள் யோவ் என்று கூப்பிட்டது எங்க ஊரில் அதுவே முதல் தடவை. அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி அம்மாவே இழுத்தாள். சித்தப்பாவும் கைகொடுத்தார்.

எனக்கு நினைவு வந்தபோது அம்மா மடியில் கிடந்தேன். ராகித் தூசி அப்பியிருந்த என் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சனம். தாத்தா நின்ற இடத்திலேயே நின்று என்னைக் கேட்டார். "உள்ளத சொல்லு. கீழ மூச்சு முட்டுச்சா? இல்ல வீம்புக்கு வாய மூடிக்கிட்டிருந்தியா?"

முட்டுச்சு என்றால், அவசரப்பட்டு இறக்கியது தாத்தா தப்பு. முட்டல என்றால், அம்மா வாயாடி. இதெல்லாம் எட்டு வயசில் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"முட்டல. நான் நல்லாத்தான் இருந்தேன்" என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் தாத்தா, தெருவைப் பார்த்து.

அம்மா என்னை மெதுவாகத் தரையில் படுக்கவைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எல்லோர் முன்னாலும் அவர் காலில் விழுந்தாள். அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து சாகும்வரை அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாட்டை விரட்டும்போதுகூடக் கைதான் வீசுவாள்.

எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் சொன்னதற்கு இல்லை. இப்படிக் கத்தினவள் எனக்கு அம்மாவாகப் போனாளே என்றுதான் வெட்கம். தெருப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒருத்தி குப்பைக்குழியில் இறங்குவாள், ஒருத்தி "யோவ், கவுத்த இழுய்யா" என்று ஓடிவருவாள். நானும் சேர்ந்து விளையாடினேன். தாத்தா வேஷம் எனக்கு. கையைக் கட்டிக்கொண்டு, "இருடா" என்பேன். ஒருநாள் அம்மா தண்ணிக் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தாள். பார்த்தாள். குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம்தான் அந்த நாற்காலியில் எனக்குள் வந்தது. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்த ஒரு மூச்சோடு சத்தமும் வந்துவிட்டது.

"முட்டுச்சு" என்றேன்.

பக்கத்து வூட்டுக்காரி கண்ணைத் திறந்து பதறினாள். "ஐயோ ஆயா, மூச்சு முட்டுதா? தண்ணி தரட்டா?"

"இப்ப இல்லடி. அப்ப."

அறுபது வருஷத்துக்கு மேலாக, கட்டினவரிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லாததை அத்தனை பொம்பளைங்க முன்னால் சொன்னேன். தலையை நிமிர்த்தியே வாழ்ந்தவள், அன்றைக்குச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. சுருக்கமாகச் சொல்லவும் எனக்கு வராது. அந்தப் பொண்ணு ஸ்கூட்டிச் சாவியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டு நின்றது.

"ஏன் ஆயா, உங்கம்மா உன்னை அடிக்கலியா?" என்றாள் பக்கத்து வூட்டுக்காரி.

அடிக்கவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை. மேலே தூக்கியபோது என் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கருத்திருந்தது என்று சித்தப்பா வயசான காலத்தில் சொன்னார். முகத்தைத் துடைத்தவள் அதைப் பார்த்திருக்க மாட்டாளா? இவ உதட்டப் பாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விழுந்திருக்க வேண்டியதில்லை. ஊர் நடுவில் நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

குழியிலிருந்து என்னைத் தூக்கிய அன்று சாயங்காலம் மழை பெய்தது. வூட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருமில்லை. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சின் மேல் கையை வைத்தாள்.

"மூச்சு நல்லா வருதா கண்ணு? அங்க கீழ எப்படி இருந்துச்சு?"

அவளுக்கு மட்டுமாவது உள்ளதைச் சொல்ல எனக்கு இன்னொரு தடவை கிடைத்திருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

"கை கனக்குது, எடு" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.