நின்றுகொண்டே ஊர் பார்க்கும் நவமணி

நவமணி இன்றைக்கும் உட்காரவில்லை. கொம்தார் நிலையத்தில் புறப்பட்ட 101ஆம் எண் பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. அவரோ ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். வயது அறுபத்திரண்டு. கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். "இருக்கட்டும்மா, நீ உக்காரு. நான் உக்காந்தா கெட்டேன்." அந்தப் பிள்ளை மூலவியாதி என்று நினைத்திருக்கும், பாவம்.

வியாதி ஒன்றும் இல்லை. தூக்கம்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசியில் பாதி அளவுள்ள சில்லுகளில் கீறல் தேடியவர் நவமணி. ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. தொழிற்சாலைப் பேருந்து திரையை இழுத்து மூடிக்கொண்டு வரும். ஏறி உட்கார்ந்தால் கண் தானாக மூடும். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பேருந்தில் தூங்கிய கண் மட்டும் சும்மா இருக்குமா?

ஓய்வு பெற்ற மறுநாளே கடல் பார்க்கவென்று தெலுக் பஹாங்குக்குப் பேருந்து ஏறினார். முதல் வளைவு தாண்டுவதற்குள் குறட்டை. கடைசி நிறுத்தத்தில் யாரோ தோளைத் தட்டி, "மக்சிக், சம்பாய்" என்று மலாயில் சொன்னார்கள்; அம்மா, இடம் வந்தாச்சு என்று அர்த்தம். அதே பேருந்தில் திரும்பினார். கொம்தாரில் இன்னொருவர் தட்டினார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், கடல் ஒரு சொட்டுகூடக் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்துதான் இந்த நிற்கும் விரதம்.

"அக்கா, உக்காருங்கலா. நான் பிரேக் போட்டா கண்ணாடிக்கு வெளிய போயிருவீங்க" என்று கண்டிக்கிறார் ஓட்டுநர் கமாலுதீன்.

"நீ மெதுவா ஓட்டு தம்பி. இந்த ஊருல பொறந்து, இந்த ஊரயே பாக்காம கெழவி ஆயிட்டேன். இப்பதான் பாக்குறேன்."

பார்ப்பதும் சும்மா பார்ப்பதில்லை. தினம் ஒரு பேருந்து, தினம் ஒரு நிறுத்தம். இறங்கியதும் முதலில் கண்ணில் படுகிறவரைப் பிடித்து, "இங்க என்னா நல்லா இருக்கும்?" என்று கேட்பார். பாலிக் பூலாவில் ஒரு சீனத்தி ஜாதிக்காய் ஊறுகாயை வாயில் வைத்துவிட்டாள்; காறலில் முகம் கோணிப்போய், பிறகு இரண்டு புட்டி வாங்கி வந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், எந்தக் கடை நாசி கண்டார் சோறு நல்லது என்று கேட்கப்போய், இரண்டு பேருக்குச் சண்டையே மூட்டிவிட்டார். "எந்த ஊருலேர்ந்து சுத்திப் பாக்க வந்தீங்கக்கா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டாராம். "கெலுகோர்" என்றிருக்கிறார்; அதே ஊரின் இன்னொரு மூலை. சிரித்தார்களாம்.

நவமணிக்குப் பேச்சு வரும், சிரிப்பு வரும். 'முடியாது' என்ற ஒரு சொல் மட்டும் வராது. அதிக நேரம் வேலை செய்யச் சொன்ன சூப்பர்வைசருக்கும் "ஓகேலா", லீவு நாளில் வரச் சொன்னவருக்கும் "ஓகேலா". புருஷன் போன பதினாறாம் நாள் துக்கத்தோடு வேலைக்குப் போனதும் அந்த "ஓகேலா"வால்தான்.

மகன் சிவநேசன் ஷா ஆலாமில் இன்ஜினியர். ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. மருமகள் தனுஜா அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறாள். "மா, நீங்க இங்க வந்துருங்க. வாடகை வீட்ட ஒப்படைச்சிரலாம்" என்று மூன்று மாதமாகச் சொல்கிறான். பேத்தி மேல் அவருக்கு உயிர். ஆனால் இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை. "பாக்கலாம்பா, பாக்கலாம்பா" என்றே காலத்தை ஓட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நேற்று சிவநேசன் காரோடு வந்து இறங்கினான். காலையில் பெட்டிகளை ஏற்றியும் ஆயிற்று. இரண்டு மணிக்கு வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பாடு.

"பசியாறிட்டு ஒரே ஒரு தடவ என்கூட பஸ்ல வா, நேசா" என்றார் நவமணி.

"காடியிலயே போலாமே மா?"

"காடியில போனா நீ ரோட்டத்தான் பாப்ப."

அதனால்தான் இன்றைக்கு அவர் பின்னால் சிவநேசன் உட்கார்ந்திருக்கிறான். கண் கைப்பேசியில். "மா, உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று இரண்டு தடவை முணுமுணுத்தான். தஞ்சோங் பூங்கா தாண்டியதும் வலப்பக்கம் கடல் திறந்தது. "அந்தா பாரு, அந்தா பாரு" என்று நவமணி சின்னப் பிள்ளையாகக் குதித்தார். சிவநேசன் தலை தூக்கி, "ம்ம், நல்லாருக்கு" என்றுவிட்டு மணியைப் பார்த்தான்.

பத்து ஃபெரிங்கி நிறுத்தம் வந்தது. "நேரமாச்சுமா. இங்கயே எறங்கி கிராப் டாக்சி எடுத்துக்கலாம்" என்று மணிப்பொத்தானை அழுத்தினான். பேருந்து ஓரங்கட்டி நின்றது, கதவு திறந்தது. அவன் படியருகே போய்த் திரும்பிப் பார்த்தான். நவமணி கம்பியை விடவில்லை.

"வாங்கமா. சாமானெல்லாம் காடியில இருக்கு."

பேத்தியின் முகம் நவமணியின் கண்ணுக்குள் வந்து நின்றது.

"சாமான எறக்கி வச்சிட்டுப் போப்பா."

"மா?"

"லீவுக்கு லீவு சின்னவளக் கூட்டிட்டு வா. நான் ஊர் சுத்திக் காட்டுறேன்."

சிவநேசன் படியருகிலிருந்து ஓரடி உள்ளே வந்தான். கமாலுதீன் கண்ணாடியில் பார்த்தார். "அக்கா, எறங்குறீங்களா இல்லையா?"

"யாரும் எறங்கல கமாலு, ஜாலான்லா, நீ போ" என்ற நவமணி, உள்ளங்கையால் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார்.