வந்த வரிசையில் தைத்த விண்வெளிக் கதை

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில், பதுளையில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். கண்ணில் புரை எடுத்த பிறகு எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. சின்ன வயதில் எனக்கு விஞ்ஞானக் கதை என்றால் பைத்தியம். வேலைக்குப் போன பிறகு பாடப் புத்தகத்தையும் விடைத்தாளையும் தவிர எதையும் ஆசைப்பட்டு வாசித்ததில்லை. இனியாவது வாசிப்போமே என்று வீட்டில் தேடியபோது, மனைவியின் தகரப் பெட்டியில் ஒரு கட்டு கிடைத்தது. கல்யாணத்துக்கு முன் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த நாட்களில், வாரப் பத்திரிகையில் வந்த விண்வெளித் தொடர்கதை ஒன்றை வெட்டியெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து வைத்திருந்தாள்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு பகுதிகள். தினம் ஒன்று வாசித்தால் ஒரு மாதத்துக்குக் காணும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் சில நாட்கள் சுகமாகப் போயின. பிறகுதான் குழப்பம் தொடங்கியது. விண்கலத்தின் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு பகுதியில் இறந்துபோனாள். அடுத்த பகுதியில் அவளே கலத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு விளக்கு மாற்றுகிறாள். எப்படிப் பிழைத்தாள்? வாசித்து மறந்துவிட்டேனா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கலத்தில் ஏறாத ஒரு கிழவர் திடீரென்று எல்லாரோடும் சண்டை போட்டார். அவர் எப்போது ஏறினார் என்பதும் எனக்கு நினைவில்லை.

என் அண்ணனுக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் பத்திரிகை வாசித்தால் தலையில் நிற்காது என்றார். கடைசியில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டார். அந்த நினைப்பு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் உள்ள ரயில் நிலையங்களை வாய்க்குள் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். சரியாக வரும். மறுபடி கதையைத் திறந்தால் செத்தவள் சிரித்துக்கொண்டு வருவாள்.

ஒரு பின்னேரம் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கட்டை மூடி வைத்ததைப் பார்த்து, “என்னங்க, முடிஞ்சிருச்சா?” என்றாள்.

“கதை முடியல. எனக்குத்தான் முடிஞ்சிருச்சு போல. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு.”

அவள் கை நின்றுவிட்டது. என்ன ஏது என்று கேட்டாள். செத்தவள் திரும்பி வந்ததையும் கிழவரையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“மழை நாள்ல மடுல்சீமைக்கு பஸ் ஏதுங்க? ரோட்டுல மண் சரிஞ்சா பத்திரிகை வராது. புது வாரத்துது முன்னாடி வரும், பழசு பின்னாடி வரும். எங்கப்பா பசறை டவுனுக்குப் போனா விட்டுப்போனதுல ஒண்ணு ரெண்டு வாங்கிட்டு வருவாரு. வந்த வரிசையில தச்சு வச்சேன்.”

“பகுதிக்கு எண் போட்டிருப்பானே?”

“ஓரம் கோணலா இருந்துச்சு. நேரா கத்தரிச்சிட்டேன். எண்ணும் அதோட போயிருக்கும்.”

“அப்போ உனக்கு மட்டும் கதை எப்படி விளங்குச்சு?”

“எங்க விளங்குச்சு! விஞ்ஞானக் கதைன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். மறுநாள் காலையில் நூலைப் பிரித்து, தாள்களைக் கட்டில் முழுக்கப் பரப்பினோம். கதையை வைத்துப் பாதி அடுக்கினோம். மீதியைப் பின்பக்கத்து விளம்பரங்கள் காட்டிக்கொடுத்தன. தீபாவளிச் சேலை முன்னால், பொங்கல் வாழ்த்து பின்னால். அடுக்கி முடித்ததும் முதலிலிருந்து வாசித்தேன். செத்தவள் ஒரே தடவைதான் செத்தாள். கிழவர் ஒழுங்காகப் படியேறி வந்தார். நடுவில் ஒரு பகுதி மட்டும் இல்லை. அது மடுல்சீமைக்கு வந்து சேரவே இல்லையாம். அதில் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குள் இன்றைக்கும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

அதற்குப் பிறகு நான்கு விஞ்ஞானக் கதைகள் வாசித்துவிட்டேன், எல்லாம் ஆசைக்காக. இப்போதும் ஏதாவது ஒரு பக்கம் விளங்காமல் போனால் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் பயத்தை மூடி வைக்காமல், கீரை ஆய்கிறவளிடம் உடனே சொல்லிவிடுகிறேன்.