தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா

மழை வரும்போல் இருந்தால் எனக்கு இன்னும் கை பரபரக்கிறது. கொல்லைப்புறம் ஓடி, படுதாவை இழுத்து மூடி, நான்கு மூலைக் கயிற்றையும் கொக்கியில் மாட்ட வேண்டும் என்று உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. பாதி வழியில்தான் அங்கே வண்டி இல்லை என்பது நினைவுக்கு வரும்.

அது என் அப்பா வாங்கிய பிக்கப். தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வந்த வண்டி. பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தைத் தொட்டி என்போம். நசுங்கிய தக்காளியின் சாறு வருடக்கணக்கில் இறங்கி, அந்தத் தொட்டியின் தகரம் சல்லடையாகியிருந்தது. அப்பாவுக்குப் பிறகு ஓட்ட ஆளில்லை. நான் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன். பழைய இரும்புக்குப் போட ஆள் பேசிவிட்டேன். படிப்பு முடித்து வந்திருந்த என் மகள் குறுக்கே நின்றாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

இன்ஜினை மெக்கானிக் பார்த்தார். தொட்டியை அவளே செய்தாள். கம்பிப் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, புதுத் தகரம் வைத்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பலகை பதித்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் வடிய விரல் நுழையும் இடைவெளி விட்டாள். பலகைக்குப் பூச எண்ணெய் வாங்க என்னை பேகம்பூர் பெயிண்ட் கடைக்கு அனுப்பினாள். கதவுக்கா ஜன்னலுக்கா என்று கடைக்கார பாய் கேட்டார். வண்டித் தொட்டிக்கு என்றதும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாம் முடிந்த அன்று கொடைரோடு வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

போன வருடம் அவளுக்கு நிச்சயம் செய்தோம். பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில் கல்யாணம் வேண்டாம் என்றாள். வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா என்று அவள் அம்மா விதவிதமாகக் கேட்டாள். அப்படி யாரும் இல்லை.

"மாப்ள நல்லவருதான்ப்பா. எனக்குத்தான் ஏலல" என்றாள் என்னிடம்.

ஏலல என்றால் என்ன என்று சொந்தக்காரர்களுக்கு விளக்க எங்களால் முடியவில்லை. ஒரு மத்தியானம் பேச்சு முற்றியது. அப்படியானால் இந்த வீட்டில் உனக்கு என்ன வேலை என்று என் மனைவி கேட்டுவிட்டாள். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். வேறெதுவும் தோன்றாமல் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். மகள் இரண்டு பைகளோடு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே வேலை தேடிக்கொண்டாள் என்பது பிறகு தெரிந்தது.

பல வாரம் பேச்சில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். பிறகு ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் அவளே செய்தி அனுப்பினாள். "அங்க மழையாமே. தொட்டியில தண்ணி நிக்கிதாப்பா?"

குடையைக்கூட எடுக்காமல் ஓடிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். தண்ணீர் நிற்கவில்லை. சரி என்று ஒரு சொல் வந்தது.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தொட்டி நன்றாக இருந்தால் அவள் ஒருநாள் வண்டிக்காகவாவது வருவாள், வந்தால் இருந்துவிடுவாள் என்பது என் கணக்கு. தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கி, பலகை தெரியாமல் விரித்து, பெருமையாகப் படம் அனுப்பினேன். அன்று எழுத்தாக அனுப்பாமல் குரலில் பேசி அனுப்பினாள். "ரப்பர எடுங்கப்பா. அடியில வேர்த்து வேர்த்துப் பலகை உளுத்துரும். மேல மூடுனாப் போதும், கீழ காத்து போகணும். அம்புட்டுத்தான்."

அதை எத்தனையோ முறை போட்டுக் கேட்டேன். நான் கேட்கும்போதெல்லாம் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றுவிடும். முடிந்ததும் மறுபடி தண்ணீர் விழும். மகளைப் பற்றி என் மனைவி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிறகு தெரிந்ததையே கேட்க ஆரம்பித்தேன். எண்ணெய் ஒரு கை பூசினால் போதுமா, இரண்டு கையா? இரண்டு என்று எனக்குத் தெரியும். "ரெண்டு" என்று வரும். அந்த ஒற்றைச் சொல்லோடு நான்கைந்து நாள் ஓடும்.

மச்சான், என் மனைவியின் அண்ணன், கிடாவெட்டுக்காக அய்யலூர்ச் சந்தையிலிருந்து ஆடு ஏற்றிவர வண்டி கேட்டார். ஆட்டு மூத்திரம் பலகையில் இறங்கிவிடும் என்று மறுத்தேன். "ஆடு ஏறக்கூடாது, மூட்டை ஏறக்கூடாது. பெறகு எதுக்கு மாப்ள அது? மணவறையா ஜோடிக்கப் போற?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அடுப்படியிலிருந்து காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரோடு அப்படியே திரும்பிப் போனாள். காபி குடிக்காமலே அவர் கிளம்பினார்.

மாசி மாதம் செய்தி வந்தது. "ஞாயித்துக்கெழம வாரேன்ப்பா. வண்டி வேணும்." முதல் வாக்கியத்தை மட்டும் மனைவியிடம் சொன்னேன். ஞாயிறு காலையிலேயே அவள் நாட்டுக்கோழி எடுத்துவரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி எடுப்பதுதானே, இதிலென்ன என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

மகள் இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நேராகக் கொல்லைக்குப் போய்ப் படுதாவை விலக்கி, பலகையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "நல்லா வச்சிருக்கீங்கப்பா" என்றாள். சாப்பிட்டுவிட்டு இருந்துவிட்டுப் போயேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அங்க தனியா வீடு பாத்துட்டேன்ப்பா. என் பீரோவயும் கட்டிலயும் எடுத்துக்கறேன்."

கூடத்து மேசையில் தட்டில் சோறும் குழம்பும் தயாராக இருந்தன. அவள் அம்மா அறைக்குள் இருந்தாள். மகள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிறகு தட்டைத் தானே கழுவி, விருந்தாளி மாதிரி ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள்.

தெருமுனையிலிருந்து இரண்டு பேரைத் தூக்கக் கூப்பிட்டிருந்தாள். நான் சாக்கும் பழைய ஜமுக்காளமும் கொண்டு ஓடினேன். இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தேன். பீரோ கனம். ஜமுக்காளம் சுருண்டு விலக, பீரோவின் கால் பின்கதவிலிருந்து உள்வரை பலகையை உழுதுகொண்டே போனது. எண்ணெய் குடித்துக் கறுத்திருந்த பலகையில் வெள்ளையாக ஒரு கோடு. நான் குனிந்து அதை விரலால் தேய்த்தேன். தூக்கியவர்கள் திட்டு விழும் என்று அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"விடுங்கப்பா. சாமான் ஏத்தத்தான தொட்டி."

அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை. இத்தனை மாதம் நாங்கள் பேசிக்கொண்டது முழுக்கத் தொட்டியைப் பற்றி மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குத்தான் அது அவளைப் பற்றிய பேச்சாக இருந்தது.

படுதாவை மடித்துக் கொடுத்தேன். இருக்கட்டும் என்றாள். அங்கே ஷெட் கிடையாது, வண்டி ரோட்டில்தான் நிற்கும், தினம் யார் மூடித் திறப்பது என்றாள். அம்மா இருந்த அறைக் கதவருகே ஒரு நிமிடம் நின்றாள். கதவு திறக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அவள் அம்மா வாசலுக்கு வந்தாள். சத்தம் முழுதும் ஓயும்வரை அங்கேயே நின்றாள்.

சாயந்திரம் "சேந்துட்டேன்" என்று வந்தது. மறுநாள் கீறலில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு வைக்கும்படி எழுதினேன். பிறகு வண்டி நிழலில் நிற்கிறதா என்று எழுதினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு டிக்கும் நீலமாயின. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, தனியாக இருக்கப் பயமாயில்லையா என்று ஒரு தகப்பன் கேட்கக்கூடியதெல்லாம் விரல் நுனிவரை வரும். நாங்கள் அப்படிப் பேசிப் பழகவில்லை. அழித்துவிடுவேன்.

போன வாரம் கோடை மழை வலுத்தது. இடி இடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்த வந்த என் மனைவி, சாத்தாமல் வெளியே பார்த்தபடி நின்றாள்.

"அந்தத் தொட்டியில தண்ணி நிக்கிதான்னு கேட்டீங்களா?" என்றாள்.

அவள் மகளைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

போன் என் மடியில் கிடந்தது. கேட்டது காலையில். டிக் நீலமாகி வெகு நேரமாகியிருந்தது.

"இன்னும் பாக்கல போல" என்றேன்.