சைக்கிள் பாதையில் காய்ந்த நெல்

எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கத்தில் காயப்போட்ட நெல்லை வெறுங்காலால் துழாவலாம். புரட்டிவிட அதுதான் வழி. ஆனால் செருப்புக்கால் படக்கூடாது, சக்கரம் ஏறக்கூடாது. தெரியாமல் பட்டுவிட்டால் குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் இதில் ரொம்பக் கறார். சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார், இதை மறக்கமாட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, கோபம். அழுகை அப்புறம்தான் வரும்.

எழுபதுகளில் பொள்ளாச்சி ரோடு எங்கள் வாசலை ஒட்டித்தான் போயிற்று. ஒரு லாரிக்கு மட்டும் அளந்து போட்ட மாதிரித் தார். எதிரே இன்னொரு லாரி வந்தால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்கியாக வேண்டும். தார் முடிகிற இடத்தில் பள்ளம். இவர் காய்கறி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் வருவார். முட்டியில் சிராய்ப்பு இல்லாமல் வீடு திரும்பிய நாள் குறைவு. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்தப் பள்ளத்தில் தடுமாறி விழுந்து, மாட்டு லாரியின் பின்சக்கரத்தில் போய்விட்டார். துக்கம் கேட்டுவிட்டு வந்த இவர் தட்டைத் தொடவில்லை.

"ஏனம்மிணி, லாரிக்குன்னு ஒரு ரோடு இருக்குதல்ல? சைக்கிளுக்குன்னு ஒண்ணு பக்கத்துலயே போட்டா என்ன?"

"ஆமா, உங்களுக்குன்னு ஓடியாந்து போட்டுக் குடுப்பாங்க. பேசாமச் சாப்புடுங்க" என்றேன்.

பேசாமல் இருக்கிற ஆளா அவர்! பஞ்சாயத்துக்கும் மராமத்து ஆபீசுக்கும் நடையாய் நடந்தார். பாதை போடலாம், நிலம் யார் தருவார்கள் என்று கேட்டார்கள். ரோட்டோரம் நிலம் வைத்திருந்தவர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார். எல்லாரும் இறங்கி வந்தார்கள். கடைசிவரை மசியாதவர் இவருடைய சொந்த அண்ணன்தான்.

"வெளையற மண்ணைச் சைக்கிள் உடறதுக்குக் குடுக்கச் சொல்றியாடா?"

"நம்ம களத்தாட்டம் வழவழன்னு போடச் சொல்றேனுங்கண்ணா. மழை பேஞ்சாலும் சேறாகாது. அப்பறம் நம்மூர்க்காரன் ஒருத்தனும் லாரிக்கடியில போகமாட்டான்."

அண்ணன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலிடுக்கில் உதிர்த்துவிட்டார். பிறகு, "போ, போட்டுத் தொலை" என்றார்.

போட்டார்கள். ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டி, மேலே தார். ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவே வெள்ளையடித்த கற்கள். இவர் வெயிலில் குடைகூட இல்லாமல் நின்றார். ஓர் இடம் மேடுதட்டினால் விடமாட்டார், பெயர்த்து மறுபடி போட வைப்பார். வேலையாட்கள் கேலியாக இவரை 'பெரிய ஓவர்சியர்' என்று கூப்பிட்டார்கள். இந்தப் பக்கம் பாலக்காடு வரைக்கும், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் இதே பாதை நீள வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் துண்டு முடிந்த அன்று சாயங்காலம் என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோனார். ஒரு குலுக்கல் இல்லை. "எப்படி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "ஏதோ பரவால்லீங்க" என்றேன். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

பாதை நன்றாக அமைந்ததுதான் வினையாயிற்று. அந்தப் புரட்டாசியில் அறுவடை முடிந்த கையோடு மழை விட்டுவிட்டுப் பெய்தது. மண் களமெல்லாம் நசநசவென்று கிடந்தது. வெயில் எட்டிப் பார்த்தால் தார் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுடும். முளைவிடப்போகிற நெல்லை வைத்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? முதலில் ஒரு மூட்டை வந்தது. அப்புறம் பாதை முழுக்க நெல்.

இவர் கத்தினார். "ஏனுங்கண்ணா, சைக்கிள்காரன் எங்கீங்க போவான்?"

"பெல்லடிச்சா தள்ளிக் குடுக்கறம்டா. நாலு நாள் வெயிலு, பொறுத்துக்க" என்றார் அண்ணன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் நெல்லும் அதில் சேர்ந்துதான் காய்ந்தது.

அன்று உச்சிவெயில். வெளியே அண்ணனின் நெல் பாதையை அடைத்துக் கிடந்தது. துழாவிவிட்டவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பெல் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தேன். அவர் பெல் எனக்குத் தெரியும். இரண்டு தரம் அடித்தார், தள்ளிவிட ஆளில்லை. நேராக நெல்மேல் ஏற்றி வந்திருக்கலாம். அட, ஏற்றித்தான் வந்தால் என்ன? குடியா முழுகிவிடும்? அவர் ஹேண்டில்பாரைத் திருப்பி, கற்களுக்கு நடுவே புகுந்து, ரோட்டில் இறங்கினார். பின்னால் லாரி வந்தது.

அதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

விதி என்றார்கள். விதியாம் விதி! நெல்லில் ஒரு சொட்டு ரத்தம் படவில்லை என்று பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். அந்த நெல்லைக் குத்தித்தான் காரியத்துக்குச் சோறாக்கினார்கள். என் இலையிலும் போட்டார்கள்.

அடுத்த புரட்டாசியும் வந்தது. மழையும் வந்தது. பாதையில் மறுபடி நெல்லைக் கொட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் செருப்பைக் காலில் மாட்டினேன். கோணிப்போன சக்கரத்தை நிமிர்த்தி வைத்திருந்த அவர் சைக்கிளை எடுத்து, பரப்பியிருந்த நெல்லின் நட்டநடுவே தள்ளிக்கொண்டு நடந்தேன். நெல் இரண்டு பக்கமும் சிதறியது.

அண்ணன் ஓடி வந்தார். "அம்மிணி! நெல்லம்மிணி, நெல்லு!"

"தெரியுமுங்க மாமா. நெல்லுன்னு தெரிஞ்சுதான் அவரு ரோட்டுல எறங்குனாரு."

அண்ணன் அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பாதை முடிகிற மட்டும் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது அடியில் இரண்டு மூன்று நெல் ஒட்டியிருந்தது. என் கை தானாகப் போயிற்று. குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.